குட்டியைப் பிரித்த முதல் பத்து நாள்
பன்றி வளர்ப்பு: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: தீவனத்தில் கலக்கும் மூலிகைச் சேர்க்கைகள். முப்பத்தோரு வருடம் பன்றிக் கொட்டில்களில் மண்டியிட்டு வேலை பார்த்தவள் நான். இந்தச் சேர்க்கைகள் சில நன்றாக வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றின் பெயரைச் சொல்லி நடக்கும் ஏமாற்றையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, என்னிடம் பன்னிரண்டு தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. குட்டிகளை 28-ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கிறேன். ஐந்தாம் நாள் கழிச்சல் ஆரம்பித்துவிடுகிறது. முன்பு தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து சமாளித்தேன். இப்போது அதை விட்டுவிட்டேன். மூலிகைச் சேர்க்கை போட்டால் நோய் எதிர்ப்பு சக்தி கூடும் என்று பையில் அச்சடித்திருக்கிறார்கள். நம்பலாமா?

ஆன்டிபயாடிக்கை விட்டது நல்ல முடிவு. வளர்ச்சிக்காக அதைத் தீவனத்தில் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே தடை செய்தது; ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் தடை. ஆனால் டென்மார்க்கில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 1999 முடிவதற்குள் பிரித்த குட்டிகளின் தீவனத்திலும் அதை நிறுத்தினார்கள். அடுத்த சில வருடங்களில் குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது. சிகிச்சைக்காக மருந்து கொடுப்பதும் கூடியது. அதுவரை ஆன்டிபயாடிக் மூடி வைத்திருந்த குறைகள் எல்லாம் அப்போதுதான் வெளியே தெரிந்தன. உங்கள் கொட்டிலில் இப்போது நடப்பதும் அதுதான்.

ஐந்தாம் நாள் கழிச்சல் ஏன் வருகிறது என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், பிரித்து நான்கு நாளில் இறந்த ஒரு குட்டியைத் திறந்து பார்த்தேன். இரைப்பையில் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு மூன்று வைக்கோல் துண்டுகளும்தான் இருந்தன. சிறுகுடலை வெட்டி விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். பின்னால் இருந்த என் விரல் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவு மெலிந்திருந்தது. அதே வாரம், பால் குடித்துக்கொண்டிருந்தபோது தாய்க்கு அடியில் நசுங்கிச் செத்த குட்டி ஒன்றின் குடலையும் பார்த்தேன். அது ஈரமான வெல்வெட் துணியைத் தொடுவது போல இருந்தது. அந்த வெல்வெட் மெத்தைதான் குடலுறிஞ்சிகள், தின்றதன் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள். பிரித்த ஐந்து நாளுக்குள் அவற்றின் உயரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காரணம் பட்டினி. பிரித்த குட்டிகளில் பத்தில் ஒன்று இரண்டு நாள் ஆகியும் தீவனத்தில் வாய் வைக்காது.

அப்புறம், தாய்ப்பாலோடு தினமும் குடலுக்கு வந்துகொண்டிருந்த, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் பிரித்த அன்றே நின்றுவிடுகின்றன. குட்டி சொந்தமாக அவற்றைத் தயாரிக்கப் பல வாரம் ஆகும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அது கிட்டத்தட்ட நிராயுதபாணி. அந்த நேரத்தில் ஈ கோலை கிருமி குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது. மெலிந்த சுவரின் செல்களுக்கு நடுவே இருக்கும் பூட்டுகள் தளர்கின்றன. உடல் பதறிப்போய் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் பையில் இருக்கும் வாசகத்தோடு எனக்குச் சண்டை. எதிர்ப்பு சக்தி ‘கூடுவது’ எப்போதும் நல்லதில்லை. அழற்சி மூண்டால் குட்டிக்குக் காய்ச்சல் வரும், பசி போகும். தசையில் இருக்கும் புரதத்தைக் கரைத்துச் சண்டைக்குச் செலவிடும். வளர வேண்டிய குட்டி எரிந்துகொண்டிருக்கும். நல்ல தாவரச் சேர்க்கை செய்வது அந்தத் தீயைத் தேவையான அளவுக்கு அடக்குவதுதான். மிளகாய், மஞ்சள், பூண்டு, ஓரிகானோ என்ற மேல்நாட்டு மூலிகை, லவங்கப்பட்டை ஆகியவற்றில் இருக்கும் பொருள்கள் செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கி வைக்கும் சங்கிலியைத் தணிக்கின்றன. செல் பூட்டுகளை இறுக்குகின்றன.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிரித்த குட்டிகளுக்கு ஈ கோலை கிருமியைக் கொடுத்துச் சோதித்தார்கள். மிளகாய்ச் சாறு, பூண்டுச் சாறு, மஞ்சள் சாறு மூன்றையும் தனித்தனியாக, டன் தீவனத்துக்கு வெறும் 10 கிராம் வீதம் கலந்தார்கள். கழிச்சல் குறைந்தது, அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. அந்த 10 கிராம் கிருமியைக் கொல்லும் அளவே இல்லை. குட்டியின் குடல் அமைதியாக இருந்ததால் கிடைத்த பலன் அது.

ஆக, நம்பலாம், ஆனால் குட்டி அதைத் தின்றால்தான் பலன். பிரித்த முதல் மூன்று நாள் தட்டையான தட்டில், கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு தடவை ஈரத் தீவனம் வையுங்கள். குட்டி படுக்கும் இடம் 28 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தால் குளிர்கிறது என்று அர்த்தம். தண்ணீர்க் குழாயை நீங்களே அழுத்திப் பார்த்து, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இது மூன்றும் சரியாக இருந்தால் மூலிகைக்கு வேலை பாதிதான். இவை சரியில்லை என்றால் எந்த மூலிகையும் காப்பாற்றாது.

கேள்வி: கடைச் சேர்க்கை வாங்காமல் நானே பூண்டு, மஞ்சள், ஓமம் அரைத்துக் கலக்கலாமா? எவ்வளவு போடுவது?

கலக்கலாம். அளவு சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த ஐந்தாவது வருடம், ஒரு பண்ணையில் டன்னுக்கு பத்து கிலோ பூண்டுத்தூள் போடச் சொன்னேன், அதுவும் பிரித்த அன்றிலிருந்தே. மறுநாள் காலையில் போனால் தொட்டி நிறையத் தீவனம் அப்படியே கிடந்தது. குட்டிகள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சிலுப்பிக்கொண்டு விலகிப் போயின. இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை, மூன்றாம் நாள் கழிச்சல். எதைத் தடுக்கப் போனேனோ அதை நானே வரவழைத்தேன். அந்தப் பண்ணைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

பன்றிக்கு மோப்பமும் நாக்கும் நம்மைவிடக் கூர்மை. அதனால் காய்ந்த பூண்டுத்தூளை டன்னுக்கு ஒரு கிலோவில் தொடங்குங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னொன்று, பிரிக்கும் நாளில் எந்தப் புது வாசனையையும் தொடங்காதீர்கள். பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே, தாயோடு இருக்கும்போது வைக்கும் தொடக்கத் தீவனத்தில் அந்த வாசனை பழகியிருக்க வேண்டும்.

மஞ்சளைப் பொறுத்தவரை, வேலை செய்யும் பொருள் குர்குமின். மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்குதான் அது. பன்றிகளில் செய்த ஆய்வுகள் பலவற்றில் டன்னுக்கு 200 முதல் 400 கிராம் குர்குமின் போட்டிருக்கிறார்கள். தூளாகப் போட்டு அந்த அளவை எட்ட வேண்டுமானால் ஏழு முதல் பதின்மூன்று கிலோ வேண்டும். அதனால் தொட்டியில் ஒரு சிட்டிகை தூவிவிட்டுப் பலனை எதிர்பார்க்காதீர்கள். குர்குமின் ரத்தத்தில் அவ்வளவாக ஏறாது என்பது உண்மை. நமக்கு வேண்டியது குடல் சுவரில் நடக்கும் வேலை, அதனால் இது பெரிய குறை இல்லை. கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது. நிறத்துக்காகக் காரீயச் சாயம் சேர்த்த தூள் உலகத்தில் நடமாடுகிறது. காரீயம் குட்டிக்கும் விஷம், அந்த இறைச்சியைச் சாப்பிடுகிறவர்களுக்கும் விஷம்.

ஓமத்தின் சக்தி தைமால் என்ற பொருள். ஒரு கிலோ ஓமத்தில் எண்ணெய் 20 முதல் 40 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி தைமால். அது பறந்துபோகும் சரக்கு. அரைத்து மூட்டையில் ஒரு மாதம் வைத்தால் மீதி இருப்பது சக்கை. கையில் எடுத்துக் கசக்கி மோந்து பாருங்கள். மூக்கில் ஏறவில்லை என்றால் குடலிலும் வேலை செய்யாது. அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

கலப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 250 கிலோ தீவனத்தில் 50 கிராம் சேர்க்கை போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே மேலே கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு குட்டிக்கு எல்லாமே போகும், ஒன்பது குட்டிக்கு ஒன்றுமே போகாது. முதலில் அரை கிலோ சோளமாவில் கலந்து கையால் நன்றாகப் பிசிறுங்கள். அதை ஐந்து கிலோவில் கலக்குங்கள், அதை இருபத்தைந்தில், பிறகுதான் மொத்தத்தில். மஞ்சள் சேர்ந்திருந்தால் உங்களுக்கு வசதி: நிறம் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும்.

கேள்வி: ஓரிகானோ எண்ணெய் கலந்து குச்சித் தீவனமாக அடிக்கிறோம். ஆலையில் ‘கொழுப்புப் பூச்சு உள்ள எண்ணெய் வாங்குங்கள்’ என்கிறார்கள். வியாபாரத் தந்திரமா?

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார்கள். குச்சி அடிக்கும்போது நீராவியில் சூடு 70, 80 டிகிரியைத் தொடும். பூச்சில்லாத எண்ணெயில் ஒரு பங்கு ஆலையிலேயே ஆவியாகிவிடும். தின்ற பிறகும் ஒரு சிக்கல் உண்டு: மூலிகை எண்ணெய்களில் வேலை செய்யும் தைமால், கார்வக்ரால், யூஜினால், சின்னமால்டிஹைடு போன்றவை இரைப்பையிலும் சிறுகுடலின் முதல் பகுதியிலுமே உறிஞ்சப்பட்டுவிடும். கழிச்சல் கிருமி குடியிருப்பது அதற்குக் கீழே. கொழுப்புப் பூச்சு இருந்தால் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்து கீழ்வரை போகும்.

வாங்கும்போது பையில் மூன்று விஷயம் தேடுங்கள்: எந்தப் பொருள், ஒரு கிலோவில் எத்தனை கிராம், எந்த வயதுக்கு டன்னுக்கு எவ்வளவு. ‘அரிய மூலிகைகளின் கலவை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பை வேண்டாம்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வராமல் தடுக்கும் என்று ஒரு மூலிகைத் திரவம் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

1921-இல் கென்யாவில் முதன்முதலாகப் பதிவான நோய் இது. 2007-இல் ஜார்ஜியா நாட்டுக்கு வந்தது, 2018-இல் சீனாவுக்குள் நுழைந்து கோடிக்கணக்கான பன்றிகளைக் கொண்டுபோனது. இன்றுவரை இதற்குச் சிகிச்சை கிடையாது. எதிர்ப்பு சக்தியின் முன்னணிக் காவலாளிகளான விழுங்கு செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகும் வைரஸ் இது. அந்தக் காவலாளிகளை மூலிகையால் ‘பலப்படுத்தி’ இதைத் தடுத்துவிட முடியாது. திரவம் ஊற்றியிருக்கிறோமே என்ற தைரியத்தில் வேலியைத் திறந்து வைத்த பண்ணை, மொத்தமாகக் காலியானதைப் பார்த்திருக்கிறேன். எண்பத்திரண்டு பன்றிகள். ஒன்பது நாளில் கொட்டில் சத்தமில்லாமல் போனது.

அந்தத் திரவத்துக்குக் கொடுக்க இருந்த பணத்தில் கொட்டிலுக்கென்று தனி ரப்பர் காலணி வாங்கி வாசலில் வையுங்கள். வெளியாட்களையும் வியாபாரிகளின் வண்டியையும் வேலிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். புதுப் பன்றியைத் தனியாக வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். பன்றி இறைச்சி பட்ட மிச்சச் சாப்பாடு கொட்டில் பக்கமே வரக்கூடாது. பதப்படுத்திய, உறையவைத்த இறைச்சியிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கேள்வி: மூலிகைச் சேர்க்கையைச் சினைப் பன்றிக்குக் கொடுத்தால் குட்டிக்குப் போய்ச் சேருமா?

நல்ல கேள்வி. வாசனை போய்ச் சேருகிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் சினையின் கடைசி நாட்களில் தாயின் தீவனத்தில் சோம்பு வாசனையைச் சேர்த்தார்கள். வயிற்றில் இருந்தபோதே அந்த வாசனையை அறிந்த குட்டிகள், பிரித்த பிறகு அதே வாசனை இருந்தபோது கூடுதலாகத் தின்றன, எடையும் கூடுதலாகப் போட்டன. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. தாயின் வாசனையைத் தொட்டியில் கண்டால் குட்டிக்குப் பயம் குறைகிறது.

ஆனால் எதிர்ப்பொருளைப் பொறுத்தவரை கணக்கே வேறு. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் குட்டிக்குப் போகாது. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குடலின் கதவு மூடிவிடும். அதற்குள் ஒரு குட்டிக்குச் சுமார் 250 கிராம் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். பதினான்கு குட்டி போட்ட தாயிடம் சின்னக் குட்டிகள் முண்டியடிக்க முடியாமல் ஒதுங்கி நிற்கும். முதலில் குடித்து வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒன்றரை மணி நேரம் ஒரு பெட்டியில் கதகதப்பாக மூடி வைத்துவிட்டுச் சின்னவற்றைக் காம்பில் விடுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஈடான மூலிகை எதையும் நான் கண்டதில்லை.

மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசியையும் மறக்க வேண்டாம். குட்டிக்கு நாளைக்கு ஏழு மில்லிகிராம் இரும்பு வேண்டும், பாலில் கிடைப்பது ஒன்றுதான். துவர்ப்புச் சத்து அதிகமுள்ள இலை, பட்டைகளைச் சின்னக் குட்டிக்குக் கொடுத்தால் இருக்கிற இரும்பையும் அவை கட்டிப்போட்டுவிடும்.

கேள்வி: தடுப்பூசி போடும் நாளில் மூலிகைச் சேர்க்கையை நிறுத்த வேண்டுமா?

ஊசியாகப் போடும் தடுப்பு மருந்துக்கு நிறுத்த வேண்டியதில்லை. வாய்வழியாகக் கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியா மருந்தாக இருந்தால், அதற்கு மூன்று நாள் முன்னும் பின்னும் ஆன்டிபயாடிக் கூடாது. கிருமியை அடக்கும் எண்ணெய்ச் சேர்க்கைகளையும் அந்த ஒரு வாரம் நான் எடுத்துவிடச் சொல்வேன்.

கேள்வி: இரண்டு மாதமாக மூலிகைச் சேர்க்கை போடுகிறேன். ஒரு மாற்றமும் இல்லை. இதில் புதிதாக, மூன்று மாதப் பெண் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருக்கிறது. மூலிகையின் பக்க விளைவா? சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலையும் கொஞ்சம் போடுகிறேன்.

தம்பி, உடனே போய்ச் சோளத்தைப் பாருங்கள். மூட்டையின் அடியிலிருந்து ஒரு கை அள்ளி, வெயிலில் விரித்து, ஒவ்வொரு மணியாகப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூஞ்சை படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வயதுக்கு வராத பெண் குட்டிக்கு அப்படி வீங்கினால் முதல் சந்தேகம் ஜியராலினோன் என்ற பூஞ்சை நச்சு. அது பெண் ஹார்மோனைப் போல உடலை ஏமாற்றும். பூஞ்சை பிடித்த சோளத்தில் அது தனியாக வருவது அபூர்வம். கூடவே பசியைக் கெடுக்கும் நச்சும், எதிர்ப்பு சக்தியை நேரடியாகக் குலைக்கும் அஃப்ளாடாக்சினும் இருக்கலாம். ஒரு கையால் மூலிகையைக் கொடுத்து மறு கையால் நச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மாற்றம் எப்படித் தெரியும்? இன்றைக்கே தீவனத்தை மாற்றுங்கள். சோளத்தைச் சோதனைக்கு அனுப்புங்கள். சேர்க்கையின் மூட்டையையும் திறந்து பாருங்கள், சரியாகக் காயாத மூலிகைத் தூளிலும் பூஞ்சை வரும்.

சூபாபுல் இலையை நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள மைமோசின் பன்றிக்கு ஆகாது; முடி கொட்டும், வளர்ச்சி நிற்கும்.

தீவனம் சரியான பிறகு, சேர்க்கை வேலை செய்கிறதா என்று உங்கள் கொட்டிலிலேயே பார்த்துவிடலாம். ஒரே நாளில் பிரித்த குட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஈற்றிலிருந்தும் பாதியை இந்தப் பக்கம், பாதியை அந்தப் பக்கம் விடுங்கள். எடையும் ஆண் பெண் கணக்கும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். ஒரே தீவனம், ஒரு பக்கம் மட்டும் சேர்க்கை. பிரித்த அன்றும், பத்தாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும் எடை போடுங்கள். தினமும் காலையில் பின்புறம் நனைந்திருக்கும் குட்டிகளை எண்ணிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுங்கள். மூன்று தடவை, மூன்று கூட்டத்தில் செய்யுங்கள். ஒரு தடவை நல்லதாக வந்தது தற்செயலாக இருக்கலாம். அந்த எடைக் கணக்கையும், பையில் உள்ள விவரத்தின் படத்தையும் அனுப்பி வையுங்கள். தொடரலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.